லீடியைக் கேட்டவன்

மின்கோவுக்கு ஹங்கேரி மொழியில் காய்கறிப் பெயர்கள் அத்தனையும் அத்துப்படி. குடைமிளகாயில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் பெயர் சொல்வான். விலை பேச வரும், பேரம் படியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வரும். வினைச்சொல்லில்தான் சறுக்குவான். ஒரு தடவை சென்டெஷ் சந்தையில், தன் பேச்சைக் கேட்டுச் சிரித்த பெண்களிடம், "நான் உங்க பாஷை கத்துக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்து, "நான் உங்க பாஷை கத்துக்குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். அந்த மொழியில் இரண்டுக்கும் தலை ஒன்று, வால்தான் வேறு. அன்றிலிருந்து சந்தையில் அவனுக்கு 'வாத்தியார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

"வாத்தியாரே, இன்னிக்கு என்ன பாடம், முட்டைக்கோஸா?" என்று கூடையை நீட்டுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே நிறுத்துப் போடுவான்.

அவன் பல்கேரியாக்காரன். இரண்டாம் உலகப் போர் வருவதற்கு முன்பிருந்த காலம் அது. பனி உருகியதும் பல்கேரியத் தோட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஹங்கேரிக்கு ரயிலேறி வருவார்கள். ஓடைக்கரை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குதிரை சுற்றும் நீர்ச்சக்கரம் நாட்டி, வாய்க்கால் வெட்டி, காய்கறி போடுவார்கள். இலையுதிர் காலத்தில் புனித டிமித்ரியின் திருநாளை ஒட்டி ஊர் திரும்புவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் ஊரில். மின்கோவுக்கும் ஊரில் ரட்கா என்று ஒருத்தி இருந்தாள். அந்த வருஷம் திரும்பியதும் கல்யாணம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள்.

அவனுடைய முதலாளி டோப்ரி, ஹங்கேரியில் காலத்தை ஓட்டியே தலை நரைத்தவர். அவர் குத்தகைக்கு எடுத்திருந்தது காடாய் கெர்கெய் என்ற உள்ளூர்க்காரரின் நிலம். காடாய் பெண்டாட்டியை இழந்தவர். மாடு, வண்டி, ஓடையின் இரு கரையிலும் நிலம், ஒரே மகள். மகள் பெயர் லீடியா. ஊர் அவளை லீடி என்றுதான் கூப்பிட்டது.

வசந்தத்தின் தொடக்கத்தில் டோப்ரி மின்கோவைக் கூப்பிட்டார். "டேய், எனக்குக் காய்ச்சலா இருக்கு. நீ போய் எதிர்க்கரைத் துண்டு நிலம் இந்த வருஷம் காலியா இருக்கான்னு காடாய்கிட்ட விசாரிச்சுட்டு வா. அவ்வளவுதான். வேற எதுவும் பேசாதே."

காடாய் வீட்டில் இல்லை. லீடி ஏணியில் நின்று வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், முழங்கை வரை வெள்ளைத் தெறிப்பு.

"வணக்கம். நிலம். ஓடை அந்தப் பக்கம்," என்றான் மின்கோ. "இந்த வருஷம் சும்மாவா?"

"சும்மாவா? எங்கப்பா எதையுமே சும்மா குடுக்க மாட்டாரே!"

"இல்லை, இல்லை. யாரும் இல்லாத?"

"ஓ, காலியான்னு கேக்கிறியா? காலியாத்தான் கிடக்கு. நீங்க எடுத்துக்கிட்டா எனக்குச் சந்தோஷம்தான், களையாவது போகும். ஆனா எங்கப்பாகிட்டதான் கேக்கணும்."

அவன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் ஆண்கள் எல்லோரும் எதிரேயிருந்த மதுக்கடைக்குள் நுழைவது அந்த ஊர் வழக்கம். மின்கோ அந்த வழியாகப் போனான். உள்ளேயிருந்து காடாய் குரல் கொடுத்தார்.

"ஏ பல்கேரி! உள்ள வா. நான் இல்லாதப்ப என் வீட்டுக்கு வந்தியாமே, என்ன சேதி?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் எல்லாவற்றுக்கும் ஒரே 'கேள்'தான். வழியையும் கேட்கலாம், கடனையும் கேட்கலாம், பாட்டையும் கேட்கலாம், பெண்ணையும் கேட்கலாம். ஹங்கேரிக்காரர்களிடம் அது செல்லாது. விவரம் விசாரித்தேன் என்பதற்கு 'மெக்கேர்தெஸ்தெம்' என்பார்கள். வேண்டுமென்று கேட்டேன், கொடு என்று கேட்டேன் என்பதற்கு 'மெக்கேர்தெம்'. ஒரு பெண்ணின் பெயரோடு சேர்த்து இந்த இரண்டாவதைச் சொன்னால், அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டதாகத்தான் அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் அசைதான் வித்தியாசம்.

மின்கோவின் வாயில் அந்த அசை நின்றதில்லை.

"லீடி மெக்கேர்தெம்," என்றான்.

கடையில் பேச்சு நின்றது. காடாய் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"லீடியையா? அவ என்ன சொன்னா?"

"சந்தோஷம் சொன்னா. ஆனா அப்பாகிட்ட கேக்கணும் சொன்னா."

"அப்படியா சொன்னா?" காடாயின் மீசை மெல்ல விரிந்தது. "அப்பாகிட்ட கேக்கச் சொன்னாளாமே! கேட்டீங்களாப்பா? இப்படில்ல பொண்ணை வளக்கணும். சரி, கேளு அப்போ. இதோ இருக்கேன்."

"கேக்கிறேன் ஐயா."

"குடுத்தேன்!" காடாய் மேசையில் ஓங்கி அடித்தார். "எதிர்க்கரை நிலத்தையும் சேத்துக் குடுத்தேன். குத்தகை கிடையாது, ஒண்ணும் கிடையாது. சந்தோஷமா?"

நிலம் என்ற சொல் மின்கோவுக்கு நன்றாகத் தெரியும். குத்தகை கிடையாது என்பதும் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். யாரோ பிளம் சாராயம் ஊற்றினார்கள், யாரோ முதுகில் தட்டினார்கள். ஒரு கிழவர் அவனைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நிலம் கிடைத்ததற்கு இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு மகிழ்கிறார்களே, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டே குடிசைக்கு நடந்தான்.

டோப்ரி அவனை அணைத்துக்கொண்டார். ஆட்கள் மறுநாளே எதிர்க்கரையில் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். வாய்க்கால் வெட்டி, பாத்தி பிரித்து, முட்டைக்கோஸ் நாற்று நட்டாயிற்று. வியாழக்கிழமை சந்தையில் ஒரு பெண், "வாத்தியாரே, கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவீங்கல்ல?" என்றாள். ரட்காவைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும் என்று மின்கோ வியந்தான். "லீடி குடுத்து வச்சவ" என்று அவள் அடுத்துச் சொன்னபோது பக்கத்தில் நின்ற டோப்ரிதான் தராசைக் கீழே வைத்தார்.

"டேய், அன்னிக்கு மதுக்கடையில நீ என்ன வார்த்தை சொன்னே? அப்படியே சொல்லு."

சொன்னான். டோப்ரி தலையில் கைவைத்துக்கொண்டு கீரைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் விளங்கியதும் மின்கோவுக்குக் காதுவரை சிவந்தது. "இப்பவே போய்ச் சொல்லிடுறேன் அண்ணே."

"என்னன்னு சொல்லுவே? ஊர் பாக்க உன் பொண்ணைக் கேட்டேன், இப்ப வேண்டாம்னா? அந்தாளு நம்ம சக்கரத்தைப் பிடுங்கி ஓடையில எறிவான். நாத்து நட்டாச்சு. இத்தனை பேர் பொழைப்பு இருக்கு. அறுவடை முடியட்டும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுத் திரி."

"ரட்கா?"

"அவ ஊர்ல இருக்கா. அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?"

மின்கோவால் அப்படி இருக்க முடியவில்லை. களை பறித்துக்கொண்டே அந்தச் சொல்லை, நடு அசையோடு, நாள் முழுக்கச் சொல்லிப் பழகினான். டோப்ரி அசந்த நேரம் பார்த்து காடாய் வீட்டுக்குப் போனான். அவர் கொட்டகையில் குதிரைச் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா. நான் தப்பு சொன்னது. லீடி மெக்கேர்தெம் இல்லை. மெக்கேர்தெஸ்தெம்."

காடாய் ஊசியை நிறுத்தி யோசித்தார். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அட பாவி, சரியாச் சொன்னதைப் போய்த் திருத்துறியே! மெக்கேர்தெம்தான் சரி மாப்ளே. பொண்ணைக் கேட்டா அப்படித்தான் சொல்லணும். நீ இப்பச் சொல்றது வழி விசாரிக்கிறது, மணி விசாரிக்கிறது."

"ஆமா! வழி! மணி! அதுதான்!"

"அதேதான். இப்பப் புரிஞ்சுதா?"

"நிலம் ஐயா! நான் நிலம்!"

"நிலமும் உனக்குத்தான்யா. அதான் ஊரறியச் சொல்லிட்டேனே. எத்தனை தடவை கேப்பே?"

அவர் அவன் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போய் ஓர் அறையைக் காட்டினார். சுவரில் புதுச் சுண்ணாம்பு மணத்தது. இரட்டைக் கட்டில் போட்டிருந்தது. காடாயின் செத்துப்போன மாமனார் கோட்டு ஆணியில் தொங்கியது. அதை எடுத்து அவன்மேல் போட்டுப் பார்த்தார். கை நீளம் சரியாக இருந்தது.

"பாத்தியா! உனக்குன்னே தச்ச மாதிரி. நீ எங்கேயும் போக வேண்டாம், அவளும் எங்கேயும் போக வேண்டாம். எல்லாம் இந்தக் கூரைக்குக் கீழதான்."

மின்கோ வாயைத் திறந்தான். அவனிடமிருந்த சொற்களில் வெளியே போகும் வழி ஒன்றுகூட இல்லை. பேசத் தெரியாதவன் ஒப்புக்கொண்டால் மட்டும் எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்துவிடுகிறது. மறுத்தால் பாவம், பிழையாகச் சொல்கிறான் என்கிறார்கள். கோட்டைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினான்.

நிச்சயமும் நடந்தது. பாதிரியார் வந்தார். லீடி தன் கையால் பூவேலை செய்த கைக்குட்டையைக் கொடுத்தாள். அதற்கு ஈடாக மாப்பிள்ளை ஒன்றும் கொண்டுவரவில்லை என்று தெரிந்ததும் காடாயே ஒரு மோதிரத்தை அவன் கையில் திணித்து, "இதைக் குடு" என்றார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் சாப்பாடு. கோழி சூப், அடைத்த மிளகாய், பாப்பி விதைப் பலகாரம். காடாய் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார். 'போதும்' என்ற சொல்லைக்கூட மின்கோ தப்பாகச் சொல்கிறான்போலும், அவர் நிறுத்தியதே இல்லை. லீடி எதிரில் உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரவில் குடிசையில் படுத்தால் மூச்சு முட்டியது. ஓடிப்போய்விடலாம். ரயில்நிலையம் தூரமில்லை. ஆனால் கூடப் படுத்திருந்தவர்களின் மூச்சுச் சத்தம் கேட்கும். அத்தனை பேரின் பிழைப்பும் அந்தக் கரையில் வேர் பிடித்திருந்தது. ரட்காவுக்கு நடந்ததை எல்லாம் எழுதிப் போட்டான். பதில் வரவில்லை.

தக்காளி பழுக்கத் தொடங்கிய சமயத்தில் ஒரு மத்தியானம் லீடி தோட்டத்துக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். நிச்சயமான பெண் அப்படி வரலாம். ஆட்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு விலகிப்போனார்கள். குதிரை சுற்றிக்கொண்டிருந்தது, சக்கரம் கிறீச்சிட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது.

மின்கோ நேராகவே கேட்டான். "நான் அன்னிக்கு நிலம் பத்திதான். நீ தெரியும்?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"முதல்லேர்ந்தே. அப்பா வந்து, பல்கேரி உன்னைக் கேட்டானாமேன்னு குதிச்சப்பவே தெரியும். ஏணியில நின்னுகிட்டிருந்தவகிட்ட யாராவது சுண்ணாம்புக்கு நடுவுல கல்யாணம் பேசுவாங்களா?"

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"ஹால்கத்தம்," என்றாள்.

அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். "கேட்டுக்கிட்டிருந்தியா? என்ன கேட்டே?"

அவள் தலையசைத்தாள். கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். பேசாமல் இருந்தேன் என்பதற்கும் அதே சொல்தான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஏன்?" அவன் குரல் உயர்ந்தது. கையிலிருந்த தக்காளி நசுங்கி விரலிடுக்கில் வழிந்தது. "நான் இங்க... நான் மூடி வச்ச! ஜாடி ஊறுகாய்! நான்!"

"நீ மட்டும்தான் ஜாடிக்குள்ள இருக்கேன்னு நினைச்சியா?" அவள் அவனுக்குப் புரியும்படி மெதுவாகப் பேசினாள். "அம்மா போனதுக்கப்புறம் நான் தேவாலயத்தைத் தாண்டிப் போனதில்ல. என்னைக் கேட்டு வந்தவங்களை எல்லாம் அப்பா வாசலோட அனுப்பிட்டாரு. ஏன்னா அவங்க என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அவருக்குச் சோறு பொங்க ஆள் வேணும். நீ வீட்டோட இருக்கப்போற மாப்பிள்ளை. அதான் உன்னைப் பிடிச்சுது."

"எனக்குப் பிடிக்கலை."

"எனக்கும்தான். ஆனா நிச்சயமான பொண்ணுக்குத் துணி தைக்கணும்ல? இப்ப வாரம் தவறாம சென்டெஷுக்குப் போறேன். தையல்காரம்மாவோட தங்கச்சி தலைநகரத்துல ஆஸ்பத்திரியில இருக்கா. நர்ஸ் வேலை பழகிக்க இலையுதிர்ல புதுசா ஆள் எடுப்பாங்களாம், என்னைச் சேத்துவிடுறேன்னு சொல்லியிருக்கா. அதுவரைக்கும் நீ ஒண்ணும் சொல்லாம இரு. போதும். உனக்குத்தான் அது நல்லா வருமே."

கடைசியில் சொன்னதற்கு அவளே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"என் ஊர்ல பொண்ணு," என்றான். "ரட்கா. கல்யாணம் பேசி. என்னோட."

லீடி சட்டென்று நிமிர்ந்தாள். கூடையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"யாரும் எனக்குச் சொல்லலையே."

"யாரும் விசாரிக்கலை."

அந்தச் சொல்லை அன்றைக்கு அவன் பிழையில்லாமல் சொன்னான். அவள் கூடையைத் தரையில் வைத்தாள். பிறகு, "இப்பவே போய் அப்பாகிட்ட சொல்லிடுறேன், நீ சொல்லு, சொல்லிடுறேன்" என்றாள். மின்கோ எதிர்க்கரையைப் பார்த்தான். முட்டைக்கோஸ் உருண்டு திரண்டு நின்றது. அதற்கு நடுவில் டோப்ரி குனிந்து மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்," என்றான். "போ. சாப்பாடு வச்சுட்டுப் போ."

கோடை நடுவில் ஊரிலிருந்து வேலைக்கு மாற்று ஆள் ஒருவன் வந்தான். அவன் டோப்ரியோடு பேசுவதிலேயே நேரத்தைக் கடத்தினான், மின்கோவின் முகத்தைப் பார்க்கவில்லை. மின்கோதான் போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"என்னடா பண்ணச் சொல்றே?" என்றான் வந்தவன். "இங்கிருந்து போன யாரோ, நீ ஹங்கேரிக்காரியை நிச்சயம் பண்ணிட்டேன்னு சொல்லிட்டாங்க. ரட்கா வீட்டுல உன் கடுதாசியைப் பிரிக்கவே இல்லையாம். பக்கத்து ஊர் ஆட்டுக்காரன் மகனுக்குப் பேசிட்டாங்க."

மின்கோ அன்று சந்தைக்குப் போகவில்லை. வாய்க்காலில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டோப்ரி வந்து பக்கத்தில் நின்றார். அவன் திருப்ப வேண்டிய மடையையும் தானே திருப்பிவிட்டுப் போனார்.

அறுவடை முடிந்தது. நல்ல விளைச்சல். மிளகாய்ச் சரங்கள் வீட்டுக்கு வீடு தொங்கத் தொடங்கியபோது லீடி சென்டெஷுக்குப் போனாள், திரும்பவில்லை. தலைநகரத்துக்குப் போய்விட்டேன், தேட வேண்டாம் என்று பாதிரியார் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். மோதிரத்தை அடுக்களை மேசையில் உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெண் ஓடிப்போன மாப்பிள்ளை என்று சந்தையில் எல்லோரும் மின்கோவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். 'வாத்தியாரே' என்று கூப்பிடுவதுகூட நின்றுபோனது.

மறுநாள் காடாய் தோட்டத்துக்கு வந்தார். கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்தார். சவரம் செய்துகொள்ளாத முகம்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுதான் எங்க வீட்டுல உக்காந்து தின்னியா?" அவர் கத்துவார் என்று மின்கோ நினைத்தான். அவர் கத்தவில்லை. "நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்? நீயே சொல்லு. என்ன வேணும்னாலும் குடுத்திருப்பேனே."

"அவளை என்னைக்காவது விசாரிச்சீங்களா ஐயா?"

"எதை?"

"எதையாவது."

காடாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இவ்வளவு சரியாகப் பேசி அவர் கேட்டதில்லை. ஒருவேளை அந்தப் பேச்சிலேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கலாம். நிலம், ஏணி, கொட்டகையில் அவன் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லப் பார்த்தது, எல்லாம். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"சக்கரத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. வசந்தத்துக்கு வர வேண்டாம்."

டோப்ரி போய்க் கெஞ்சிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அத்தனை மாசம் வாயைக் கட்டிக் காத்தது எதுவோ அதுவே கையைவிட்டுப் போயிற்று. ரயிலில் மற்றவர்கள் சீட்டாடினார்கள். டோப்ரி வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். எல்லை தாண்டியபோது மட்டும், "உன்னை அனுப்பினது என் தப்புடா" என்றார்.

ஊரில் இறங்கியதும் மின்கோ வீட்டுக்குப் போகவில்லை, ரட்காவின் வீட்டு வேலிக்குப் போனான். அவள் முற்றத்தில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொந்த மொழி. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை, ஒரு வினைகூடச் சறுக்கவில்லை. இவ்வளவு நாளும் அடைபட்டுக் கிடந்தது எல்லாம் மடை திறந்ததுபோல வந்தது.

ரட்கா கடைசிவரை கேட்டாள். விரல்கள் வால்நட் தோல் பட்டுக் கறுத்திருந்தன.

"நாலு மாசம் அவ வீட்டுல உக்காந்து சாப்பிட்டே," என்றாள். "கைக்குட்டை வாங்கிக்கிட்டே. மோதிரம் குடுத்தே. இதெல்லாம் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனதால?"

"ஆமா."

"இதைவிட நல்ல பொய்யா ஒண்ணு சொல்லத் தெரியலையா உனக்கு?"

அவன் இன்னொரு முறை சொல்லத் தொடங்கினான். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முற்றத்தில் ஓடுகள் மட்டும் சிதறிக் கிடந்தன. வேலியருகே நின்றிருந்தவன் கொஞ்ச நேரம் கழித்துத் தன் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான்.

அடுத்த வசந்தத்தில் அவன் மறுபடி ஹங்கேரிக்குப் போனான். வேறு முதலாளி, வடக்கே வேறு ஊர். அங்கே அவனைத் தெரிந்தவர் யாரும் இல்லை. பல்கேரிக்காரன் ஒருத்தன் நம்மவர் மாதிரியே பேசுகிறான் என்று சந்தையில் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அவன் பேசுவது அபூர்வம்.